பழைய ஷிப்ட் ஜக்கெட்

லண்டன் குரோய்டனில் நான் வேலை செய்யும் கட்டடத்தின் வாசலில் காவலுக்கு நிற்பவர் அவர். மன்னார்க்காரர். ஒடிசலான உடம்பு, நரைத்த மீசை. ஆள் வந்தால் தலையை ஆட்டுவார். மற்றபடி அசையவே மாட்டார்.

ஒருநாள் மதியம் மான் இறைச்சிக் கறி கொண்டுவந்து எனக்கும் தந்தார். லண்டனுக்கு வெளியே ஒரு பண்ணையின் காட்டோரத்தில், சொந்தக்காரரின் அனுமதியோடு, மான் விரும்பித் தின்னும் குளோவர் புல்லை ஒரு சின்னத் துண்டு நிலத்தில் விதைத்திருக்கிறாராம். மேய வருவதைச் சுடுவதற்கு. துவக்குக்கு லைசென்ஸும் இருக்கிறது.

"முளையிலேயே புறா கொத்தியிடாதோ அண்ணை?"

"அதுக்குத்தான் ஆள் நிக்கிற மாதிரி ஒரு வெருளி கட்டினனான். என்ரை பழைய ஷிப்ட் ஜக்கெட்டைப் போட்டுவிட்டனான்."

"அப்ப மானும் பயந்து வராதே."

"முதல் வராது. மாசக்கணக்கா அசையாமல் நிண்டால் பழகியிடும். பிறகு பக்கத்திலயே நிண்டு மேயும்."

"பிறகு?"

"பிறகொருநாள் விடியமுன்னம் போய், வெருளியைக் கழட்டிப்போட்டு, அந்த ஜக்கெட்டோட அதிலை நான் நிப்பன்."

பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. இன்னொரு துண்டு வைத்தார். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, கைப்பேசியைப் பார்த்தபடி அவரைக் கடந்து போனேன். நாலு வருடமாக அப்படித்தான் போகிறேன். லிஃப்டடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் அதே இடத்தில் நின்றார். ஆட்கள் அவரை உரசிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.