மிரியம் மாற்றாத பொலிஸ்காரன்

ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் முதியோர் இல்லச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் ரஞ்சி வந்து சொன்னார்: "அண்ணை, மிரியம் விடியப்புறம் செத்துப்போனாவாம்." கத்தியைக் கீழே வைத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் தணியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் அவரை அறிந்த எல்லோருக்கும் அவருடைய கைப்பக்குவம் தெரியும். பதினொரு ஆண்டுகள் எங்கள் தலைமைச் சமையல்காரராக இருந்த யூதப் பெண். வெள்ளிக்கிழமைகளில் மாவைச் சடைபோல் பின்னிப் பாண் சுடுவார், மீன் உருண்டைக்குச் சீனி போடுவார். "மீனுக்கு ஆரும் சீனி போடுவினமோ?" என்று முதல் நாளே கேட்டேன். "நீ போடுற மிளகாய்க்கு நான் ஏதும் சொன்னனானோ?" என்றார். நோர்வேஜிய மொழியில் சொன்னதுதான், என் காதில் எங்கள் பேச்சாகவே நிற்கிறது.

ஓய்வு பெற்றபின் ஒரு நாவல் எழுதினார். ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த போர்க்கால ஒஸ்லோவில், அவருடைய பெரியம்மா வீட்டுக்கு நடந்ததை வைத்து எழுதிய கதை. நாளைய வெள்ளி விருந்துக்காகத் தாய் மீனைக் கழுவிச் சட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். விடியும் முன் ஒரு பொலிஸ்காரன் கதவைத் தட்டி, யூதர் என்று எல்லோரையும் கொண்டுபோகிறான். அடுத்த தெருவில் குடியிருக்கும் நோர்வேஜியன். மீன் சட்டியிலேயே கிடக்கிறது. சமையல் பகுதிகள் அருமை, பொலிஸ்காரனை மட்டும் ஜெர்மன்காரனாக மாற்றித் தாருங்கள் என்றது ஒரு பதிப்பகம். "பெரியம்மான்ர கதவில நிண்டவன் இந்த ஊர்ப் பாசையிலதான் கதைச்சவன். மாத்த ஏலாது" என்று சொல்லி, எழுதியதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த அத்தியாயத்தை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாசிப்புக் கூட்டத்தில் படிக்கட்டுமா என்று கேட்டார். நிர்வாகக் குழு கூடியது. "இருக்க இடம் தந்த சனம், அவையின்ர மனம் நோகப்படாது. உணவு விழாவுக்குப் பாண் கொண்டரச் சொல்லுவம்" என்றார் தலைவர். இலங்கையில் வீடு வீடாக ஆட்களைப் பிடித்துப் போனதைக் கண்ணால் கண்டு ஓடிவந்த கூட்டம் நாங்கள். எங்களுக்கே கதவு தட்டிய கதை வேண்டாமாம், பாண் போதுமாம். நானும் அந்த மேசையில் இருந்தேன். தலையாட்டினேன். மிரியம் ஆறு பாண் சுட்டுக்கொண்டு வந்தார். வெட்கமில்லாமல் புகழ்ந்து தின்றோம்.

செத்தவீட்டுக்காரரின் முதற்சாப்பாடு அவர்கள் சமைத்ததாக இருக்கக் கூடாது, அயலவர்தான் அவித்த முட்டை கொண்டுபோக வேண்டும் என்று ஒருநாள் மிரியம் தங்கள் வழக்கத்தைச் சொல்லியிருந்தார். "முட்டைக்கு வாய் இல்லை. துக்கக்காரருக்கும் கதைக்க வாய் வராது, அதுதான்."

அடக்கம் முடிந்ததும் அவருடைய மகளுக்கு முட்டை அவித்துக் கொண்டுபோனேன். மேசையில் சங்கத்தின் அனுதாபக் கடிதம் கிடந்தது. சுவையான பாணால் எங்கள் மனங்களைக் கவர்ந்தவராம். நாவலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைப் படித்துவிட்டு மகள் உள்ளே போய், அந்த அத்தியாயத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

மிரியத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். அதைத் தமிழில் பெயர்த்து எழுதி வருகிறேன். பொலிஸ்காரன் நோர்வேஜியனாகவே இருக்கிறான். அடுத்த கூட்டத்தில் யாரிடமும் கேட்காமல் எழுந்து படிப்பேன். முட்டைக்குத்தான் வாய் இல்லை. எனக்கு இருக்கிறது. அன்று அந்தக் குழு மேசையிலும் இருந்தது.