அப்பா வைத்த பொட்டும் அக்காவின் கருவியும்

இதை எழுதச் சொன்னது அக்காதான். அவர் நல்ல உடல்நிலையில் இருந்தபோதே சொன்னார். நான்தான் பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். சாமி கும்பிடுகிற குடும்பம் நம்முடையது. யார் மனமாவது நோகுமோ என்ற தயக்கம். முருகன் துணையோடு அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளில் எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில், வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில். அப்பாவுக்குச் சுரங்கத்தின் வாயிலில், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணியடிக்கும் வேலை. அம்மா சீக்கிரமே போய்விட்டார். பெண்ணைப் பெங்களூருக்குப் படிக்க அனுப்பினார் என்று உறவில் சிலர் அப்பாவோடு பேசுவதையே விட்டார்கள். அக்கா அணு இயற்பியல் படித்து ஊர் திரும்பியது, தாமே வடிவமைத்த ஒரு கருவியோடு. வானத்திலிருந்து வந்து பூமிக்குள் பாய்கிற, கண்ணுக்குத் தெரியாத துகள்களைச் சுரங்கத்தின் ஆழத்தில் பிடிக்கும் கருவி. அதன் கண்ணாடிக் குழாய்கள் மின்மினி அளவு வெளிச்சத்தையும் தவறவிடாதாம்.

கருவி கீழே இறங்குவதற்கு முன் ஆயுத பூஜை வந்தது. மணி, கேஜ், கயிறு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அப்பா, மகளுடைய மிஷினை மட்டும் விடுவாரா? ஒவ்வொரு கண்ணாடிக் குழாய்க்கும் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்துவிட்டார்.

மறுநாள் கருவியைப் பார்வையிட வந்த அதிகாரி கொதித்துப் போனார். கண்ணாடி மறைந்த கருவி கீழே இறங்காது, கட்டித் திருப்பி அனுப்புங்கள் என்றார். யார் செய்தது என்று கேட்டார்.

"எங்கப்பா வெச்சாரு சார். சாயந்தரத்துக்குள்ள சுத்தம் பண்ணிக் காட்டறேன். அப்பால சொல்லுங்க" என்றார் அக்கா.

பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்தவரைப் பார்த்து அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது. "இன்னாம்மா, சாமி பொட்ட அழிக்கிற?"

"கண்ணுல தூசி உழுந்தா சாமி எடுக்க வேணாம்னா சொல்லும்? இதுக்கு இதாம்ப்பா கண்ணு."

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஞ்சை நனைத்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

சோதித்துப் பார்த்த அதிகாரி சரி என்று சொல்லிவிட்டார். பெண்கள் சுரங்கத்தில் இறங்கச் சட்டம் இடம் தராத காலம். அக்கா மேலேயே நின்றார். அப்பா மணியடித்துக் கருவியைக் கீழே அனுப்பினார். அங்கிருந்து வந்த பதிவுகள் அக்காவின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. அவர் வகுத்த முறையில் இன்றும் மாணவர்கள் வேலை செய்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு ஊர் சொல்வதோ, எல்லாம் பொட்டின் மகிமை என்று.

கடைசி நாட்களில் ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் வீட்டில் இருந்தபோது, பார்க்க வந்த ஒரு சொந்தக்காரர் அதையே சொல்லிவிட்டுப் போனார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

"அப்பா வெச்சதையும் எழுது, நான் தொடச்சதையும் எழுது. ஒண்ண உட்டா இன்னொண்ணு பொய்யாப் பூடும்."

இரவு பகல் பாராமல் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், மருத்துவருக்கும், தோள்கொடுத்துச் சுமந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பொட்டை விட்டுவிடாதீர்கள், துடைத்ததையும் விட்டுவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.