மாமாவின் கால்விரல் சொன்ன சேதி

மாமா ஒரு காலில் கறுப்பு ஷூவோடும், மற்றொரு ஷூவைக் கையில் பிடித்தபடியும் வாசலில் நின்ற அந்தக் காலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அம்மாவின் தம்பி அவர். பயணிகள் ரயிலின் இன்ஜின் டிரைவர். எனக்கு வேலை கிடைத்து ஹைதராபாத் வந்த புதிதில், மெட்டுகுடாவில் அவருடைய ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தேன். டூட்டிக்குக் கொஞ்சம் தாமதமானாலும் வீட்டையே இரண்டாக்கிவிடும் மனிதர், அன்று ஷூவுக்குள் கால் நுழையாமல் திகைத்து நின்றார். வலது கால் பெருவிரல் தக்காளிப் பழமாகச் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போகிறதாம்.

எங்கள் குடும்பத்தில் யார் மூட்டுவலி என்றாலும் ஆட்டுக்கால் சூப்தான் மருந்து. எலும்புக்கு எலும்பு என்று ஒரு கணக்கு. இந்த ஊரில் கேட்கவே வேண்டாம். விடிந்தால் தெருமுனை ஹோட்டலில் ஆட்டுக்கால் பாயா கொதித்துக்கொண்டிருக்கும். அத்தை வீட்டில் சூப் வைத்தாள், நான் என் பங்குக்குப் பாயா வாங்கி வந்தேன். மாமாவும் சப்புக்கொட்டிக்கொண்டு எலும்பை உறிஞ்சினார். குடிக்கக் குடிக்க விரல் இன்னும் வீங்கியது. ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தால் "நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் சொல்லும் ஒரே வார்த்தை. கடைசியில் அத்தையும் நானுமாக அவரைப் பேகம்பேட்டில் என் ஆபீஸுக்குப் பக்கத்திலிருந்த ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனோம்.

எங்கள் வைத்தியத்தைக் கேட்டு டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ரத்தத்தைச் சோதித்ததில் யூரிக் அமிலம் எக்கச்சக்கம். அது பொடிப்பொடி ஊசிகளாக மூட்டில் படிந்துதான் அந்த வலியாம். நாங்கள் மருந்தென்று ஊற்றியதெல்லாம் அதற்குத் தீனி. ஆனால் அவர் விரலோடு விடவில்லை, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். யூரிக் அமிலம் கூடியவர்களுக்கெல்லாம் அழுத்தம் வந்தே தீரும் என்றில்லை, வரும் வாய்ப்பு அதிகம், அதனால் பார்க்காமல் விடக்கூடாது என்றார். மறு கையில் பார்த்தார், வேறொரு நாள் வரவழைத்தும் பார்த்தார். அழுத்தம் ஏறித்தான் கிடந்தது. மாமாவுக்குத் தலைவலி கிடையாது, கிறுகிறுப்பு கிடையாது. இத்தனை காலம் சத்தமே இல்லாமல் உள்ளே இருந்ததைக் கால்விரல் காட்டிக்கொடுத்திருக்கிறது. நம் உடம்பைப் பற்றி நமக்கு ஒரு மண்ணும் தெரிவதில்லை.

மாத்திரையில் விரல் வீக்கம் வற்றிவிட்டது. ஷூ நுழைந்தது. பிரச்சினையே அதற்குப் பிறகுதான். அழுத்தம் இவ்வளவு ஏறியிருப்பது தெரிந்தால் ரயில்வேயில் அவரை இன்ஜினில் ஏற்றமாட்டார்கள். அடுத்த மருத்துவச் சோதனைக்கோ இன்னும் வெகுநாள் இருந்தது. மாமாவுக்கு இன்ஜின்தான் எல்லாம்; லீவு நாளில்கூட ஸ்டேஷன் பக்கம் போய் நின்றுவிட்டு வருவார். அத்தை அழாத குறையாகக் கெஞ்சினாள்.

"மாத்திரையப் போட்டுக்கிட்டு சும்மா இருங்க. யாரு வந்து கேக்கப் போறா?"

மாமா எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்: "எனக்குப் பின்னாடி எத்தன பெட்டின்னுதான் எனக்குத் தெரியும். அதுக்குள்ள யார் யாருன்னு தெரியாதே."

அன்றைக்கே ரயில்வே ஆபீஸுக்குப் போய், கேட்காதவர்களிடம் தானாகவே சொல்லிவிட்டு வந்தார். அப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. அழுத்தம் அவர்கள் கேட்ட அளவுக்கு இறங்கவே இல்லை. ஆபீஸில் நாற்காலி வேலை கொடுத்தார்கள்.

போன வாரம் என் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. எனக்கும் யூரிக் அமிலம் கொஞ்சம் கூடுதல். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. குவார்ட்டர்ஸுக்குப் போனபோது மாமாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ரத்த அழுத்தத்தையும் பார்த்தாயா என்றார். இல்லை என்றதும், டாக்டரிடம் நாளைக்குப் போகிறேன் என்று நான் சொல்லச் சொல்லக் கேளாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படியிறங்கும்போது குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு வண்டி நகரத் தொடங்கியது. மாமா நின்றார். கடைசிப் பெட்டியின் சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டிய அலுங்காம எடுக்குறான்," என்றார். பிறகு, "வா பாப்பா, போலாம்."

எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.