டிரம் நின்ற நாள்

விரிப்பின் ஒரு முனை அவள் கையிலிருந்து நழுவித் தரையைத் தொட்டது. எதிர்முனையைப் பிடித்திருந்த நெட்டையக்கா உதறுவதை நிறுத்தினாள்.

"என்னடி, கையில எண்ணெயா? மறுபடி துவைக்கணும்."

"வைங்கக்கா, நானே துவைச்சிடறேன்."

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். மூஞ்சியப் பாரு, வெளுத்த துணியே தேவலாம்."

விடுதிகளுக்குத் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. விரிப்பு மடிப்பது இருவர் வேலை. இரண்டு உதறல், பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் மூன்று அடி. ஆறு வருடமாக இருவரும் நாளெல்லாம் இப்படி நெருங்கி விலகுகிறார்கள். ஒருத்தியின் அடி பிசகினால் மற்றவளுக்குத் தெரிந்துவிடும். நாலு நாளுக்கு முன் பிளீச் வாடைக்கு இவள் முகத்தைத் திருப்பியபோதே நெட்டையக்கா எதுவும் கேட்காமல் இவளை ஜன்னல் பக்கம் நிறுத்திவிட்டு ஈரத்துணித் தொட்டியைத் தான் எடுத்துக்கொண்டாள்.

நாள் தள்ளிப்போனதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போன வருடம் எல்லோரிடமும் சொல்லி, பத்தாவது வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. அதைவிட அதற்குப் பின் வந்த ஆறுதல்கள்தான் அவளைப் பாடாய்ப் படுத்தின.

இன்று சொல்லிவிட்டாள். "நேத்து ஸ்கேன் எடுத்தாங்கக்கா. பை மட்டும்தான் தெரியுதாம், உள்ள கரு தெரியலையாம். ஏழு வாரம்னா துடிப்பு தெரியணுமாம். ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. இதுவும் போச்சு."

"போச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்களா?"

"நாள் கணக்கு தப்பா இருக்கலாம்னாங்க. எப்படித் தப்பும்? துவைக்கிற மெஷின் டிரம் நின்ன அன்னிக்குத்தான் எனக்குக் கடைசியா பீரியட்ஸ் வந்தது. சுவத்துல இருக்கிற சீட்டைப் பார்த்துத்தான் தேதி சொன்னேன்."

அங்கே எல்லோருக்கும் அதுதான் நாட்காட்டி. சோப்பு மாறிய வாரம், கொதிகலன் அணைந்த நாள். பழுது பார்த்த சீட்டுகளை மேற்பார்வையாளர் தன் அறைச் சுவரில் ஓர் ஆணியில் குத்தி வைப்பார், தேதி வரிசை பார்க்காமல்.

நெட்டையக்கா அழுக்கு விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "எந்தத் தடவை நின்னப்ப? பெல்ட் அறுந்தப்பவா, மோட்டார் புகைஞ்சப்பவா?"

"மோட்டார். வயித்து வலியோட வாளியில அலசினேனே."

"நீ பார்த்தது எந்தச் சீட்டு?"

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். மேலே இருந்தது பெல்ட் சீட்டு. மோட்டார் சீட்டு அதற்குப் பின்னால், பன்னிரண்டு நாள் பிந்திய தேதியோடு.

மருத்துவமனைக்குப் போன் செய்தாள். நர்ஸ் தேதியைத் திருத்திக்கொண்டாள். "அப்ப ஆறு வாரமே ஆகலையே. இந்த நேரத்துல பை மட்டும் தெரியறது சகஜம். ஃபோலிக் மாத்திரையை விடாதீங்க. வலியோ ரத்தமோ வந்தா உடனே வாங்க."

"நல்லா இருக்கும்ல சிஸ்டர்?"

"அதை ஸ்கேன்தான் சொல்லணும்மா."

இரண்டு வாரம் அவள் மாத்திரையை விடவில்லை. நெட்டையக்கா தொட்டியை விடவில்லை.

டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார். ஒரு சட்டைப் பட்டன் அளவு. அதன் நடுவில் ஏதோ படபடத்தது.

"ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஏழு வாரத்துக்குச் சரியா இருக்கு. கை காலெல்லாம் இப்பத்தான் மொட்டு விடுது."

"இவ்வளவு வேகமா அடிக்கலாமா டாக்டர்?" என்றான் கூட வந்திருந்த கணவன்.

"அடிக்கணும்."

வெளியே பெஞ்சில் காத்திருந்த நெட்டையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் அழுதாள். நன்றி என்று சொன்னால் அக்கா திட்டுவாள். "நல்லவேளை, அன்னிக்கு மோட்டார் புகைஞ்சது ஞாபகம் இருந்தது உங்களுக்கு" என்றாள்.

"மறக்குமா? வாளியில அலசி அலசி கை ரெண்டும் வெந்து போச்சே. மூக்கைத் துடைடி."

மறுநாள் எட்டு மணிக்கு இருவரும் வேலைக்கு வந்தார்கள். மேற்பார்வையாளரிடம் அவளே சொன்னாள். அவர் தலையணை உறை மேசைக்கு அருகில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். பத்தரை மணிக்கு ஒருமுறை வாந்தி எடுத்தாள். பிறகு இரண்டு பிஸ்கட் தின்றாள். விரிப்பு மடிக்க நெட்டையக்காவுக்கு வேறொருத்தி துணைக்கு வந்தாள். மதியத்துக்கு மேல் லேசாக மழை பெய்தது. ஐந்தரைக்கு வேலை முடிந்தது.