அப்பா அர்த்தம் சொன்ன இந்திப் படம்

என் அம்மா அனுசியாவுக்கு இந்திப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. காதலித்து வீட்டை விட்டுப் போன மகன், வழி பார்த்துக் கிடக்கும் தாய், கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவது, இவ்வளவு இருந்தால் போதும். விருத்தாசலத்தில் எங்கள் தெரு முழுக்க ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் ஓடும். எங்கள் வீட்டில் மட்டும் சேட்டு வீடு மாதிரி இந்தி கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

அர்த்தம் சொல்வது அப்பா உலகநாதன். கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் பம்பாயில் இருந்தவர். பிறகு இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. கரண்டு கம்பத்தில் மாட்டும் பீங்கான்களைச் சுட்டு எடுப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் அவர் வாயில் கொழுக்கட்டைதான். குழம்பில் உப்பு இல்லை என்றாலும் சொல்ல மாட்டார். ஞாயிறு மதியம் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் மட்டும் பேசுவார். அதுவும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டேதான்.

ஒரு படத்தை மாதத்துக்கு ஒரு முறையாவது போட்டுவிடுவார்கள். பெரிய பணக்கார வீடு. கட்டிலில் நோயாளி மனைவி. வயதான கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசுவார்.

"என்னாங்க சொல்றாரு?" என்பாள் அம்மா.

"அன்னிக்கு நான் வந்திருக்கணும், வரல. புள்ளைய வச்சிக்கிட்டு நீ ஒண்டியா நின்ன. அது என் நெஞ்சுலயே கெடக்குதுங்கறாரு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் அதே கேள்வி கேட்பாள். அப்பாவும் அலுக்காமல் அதையே சொல்வார்.

2005-ல் எனக்குக் கடலூரில் ஜவுளிக்கடை வேலை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு சிடி கடையில் அந்தப் படமே தமிழ் டப்பிங்கில் இருந்தது. அம்மா தானாகப் புரிந்துகொண்டு பார்க்கட்டும், அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் படுக்கட்டும் என்று முந்திரிக்கொட்டை மாதிரி வாங்கி வந்து போட்டேன்.

கட்டில் காட்சி வந்தது. அந்தக் கிழவர் தெளிவான தமிழில், "டாக்டர் கொடுத்த மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. பெரியவன் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்ப்பா, பம்பாயில இந்தி கத்துக்கிட்டீங்களா, இல்ல கத வுட கத்துக்கிட்டீங்களா?" என்றேன். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா சிடியை நிறுத்தினாள். "யாருடி ஒன்ன வாங்கியாரச் சொன்னது?"

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து காய்ச்சலில் இறந்துபோனது எனக்குத் தெரியும். மீதியை அன்றுதான் அம்மா சொன்னாள். பிள்ளைக்கு ஜன்னி கண்டபோது அப்பா சூளையில் இருந்தார். தீ போட்டுவிட்டால் பாதியில் விட முடியாது. உள்ளே இருப்பதெல்லாம் வீணாகிவிடும். ஆள் போய்ச் சொல்லியும் அவர் வரவில்லை. மறுநாள் காலையில் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அதப் பத்தி ஒருநாளும் அவரு வாயத் தொறந்ததில்ல. படத்துல வச்சித்தான் சொல்லுவாரு."

"அது படத்துல இல்லன்னு ஒனக்கு முன்னயே தெரியுமா?"

"அந்தப் படத்துல எந்தப் புள்ளடி செத்துச்சி? மூணும் கடைசி வரைக்கும் ஆடிப் பாடிக்கிட்டுதான இருக்குதுங்க."

அடுத்த முறை டி.வி.யில் அந்தப் படம் வந்தபோது அம்மா பழையபடி கேட்டுப் பார்த்தாள். "எனக்கு எங்க இந்தி தெரியுது" என்றார் அப்பா. அதற்குப் பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் மற்ற ஆறு நாளைப் போல ஆகிவிட்டது. நல்லது செய்யப்போன என் கையைத்தான் உடைக்க வேண்டும்.

அவருடைய கருமாதி முடிந்த வாரம் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். கட்டில் காட்சி வரும்போது அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"என்னா சொல்றாரு கயலு?"

"அன்னிக்கு நான் வந்திருக்கணும், வரல" என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தேன்.

அம்மா முந்தானையைத் தொடவில்லை.

"அவரு சொல்ற மாதிரி இல்ல" என்று சொல்லி, எழுந்து டி.வி.யை நிறுத்தினாள்.