நான் இருக்கையில் பாடிய ஒப்பாரி

நான் உயிரோடு இருக்கும்போதே என் மகள் எனக்கு ஒப்பாரி பாடினாள். அதுவும் மேடை ஏறி, மைக் பிடித்து.

அவளுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. நாற்பது வயது தாண்டியும், லீவு நாளில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ரொக் பாட்டு. ஒருவர் கிற்றாரைக் கத்தவைப்பார், ஒருவர் எண்ணெய்ப் பீப்பாயில் இரும்பால் அடிப்பார், மற்றவர் வள்ளத்து எஞ்சினை உறுமவிடுவார். "இது புதுமாதிரிச் சங்கீதம், உங்களுக்கு விளங்காது அம்மா" என்பாள். அதை நம்பித்தான் அடுத்த வீட்டுக்காரியோடு கடற்கரை மண்டபத்துக்குப் போய் முன்வரிசையில் இருந்தேன்.

நன்றாக விளங்கியது. பாட்டில் ஒரு அம்மா செத்துப்போகிறாள். இருந்தபோதே பேசாதவள் என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. மகள் மூன்று நாளும் தேத்தண்ணி வைக்கிறாள், ஆறினதை எடுத்து ஊற்றுகிறாள். நாலாம் நாள் ஈ வந்துதான் செய்தி சொல்கிறது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அக்கா, உங்களைத்தான் சொல்லுறாள்!" என்று அடுத்த வீட்டுக்காரி என் தொடையில் தட்டினாள். நானும் சிரித்தேன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது.

"பகிடிக்குத்தானே அம்மா" என்றாள் மகள், வரும் வழியில். ஓம் என்றேன். ஆனால் நான் செத்தால் இவளுக்கு எப்போது தெரியவரும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

விடிய, "தேத்தண்ணி வைச்சிருக்கு" என்றுவிட்டு படுத்திருந்த என் முகத்தையும் பாராமல் வேலைக்குப் போனாள். இடையில் எழுந்து பழஞ்சோறு தின்றேன். தேத்தண்ணியைத் தொடவில்லை. மத்தியானம் அவள் சாப்பிட வந்து வாசல் கேற்றைத் திறக்கும் சத்தம் கேட்டதும் திரும்பவும் படுத்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன்.

"குடிக்கேல்லையோ? எறும்பெல்லோ மொய்க்குது." பிறகு, "அம்மா... எணேய் அம்மா!"

தோளைப் பிடித்து உலுப்பினாள். நான் துவண்டு கிடந்தேன்.

"என்னைப் பெத்தவளே! காலமை முகம் பாக்காமல் போனனே!"

மேடையில் ஒருநாளும் வராத குரல். பீப்பாய் இல்லை, தன் நெஞ்சிலேயே அடித்தாள். நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்தாள். "நேற்றும் சிரிச்சவ, பாவம். வெள்ளைத்துணி எடு பிள்ளை, வாயைக் கட்டுவம். விறைச்சால் பிறகு ஏலாது."

துணி நாடியில் பட்டதும் கண்ணைத் திறந்தேன்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்றேன்.

ஒரு கிழமை மகள் என்னோடு கதைக்கவில்லை. பாட்டை மட்டும் விடவில்லை, இப்போதும் பாடுகிறாள். ஆனால் காலையில் கோப்பையை என் கையில் தந்து, கடைசி மிடறு இறங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.