சேவல் பேக்கரிக்கு எதிரே

ஜெயராணிக்கு உட்காரப் பிடிக்கும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் புடவைக்கடையில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். கண்டியில் ஒரு புடவைக்கடையின் இரண்டாம் மாடியில் அவள் இருபத்திரண்டு வருடம் நின்றாள். வாங்க ஆள் இல்லாத நேரத்திலும் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது அந்த முதலாளியின் சட்டம். சாய்ந்துகொள்ள ஓர் அலுமாரி இருந்தது. அதற்கும் கண்ணாடிக் கதவு. காலையில் கலஹாவில் பஸ் ஏறும்போது இருக்கை கிடைத்தால், அன்றைக்கு உட்கார்ந்த கணக்கு அதோடு முடிந்தது.

ஆகவே றலியாவின் மேல்மாடி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தபோது, ஜெயராணி முதலில் பார்த்தது பல்கனியில் கிடந்த பிரம்புக் கதிரையைத்தான்.

வீடு திருகோணமலை வீதியில் இருந்தது. தெருப் பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கிறது; அதை வெளியூர்க்காரர்கள் வாசித்துக்கொள்வார்கள். றலியாவின் தகப்பனார் மொத்த வியாபாரம் செய்த பழைய கட்டிடம் அது. கீழே கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, மேலே இருந்த இரண்டு அறைகளையும் மரவேலைப்பாடு செய்த பல்கனியையும் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் பதினொரு மணிக்கு வெளியேறும், அடுத்தது இரண்டு மணிக்கு வரும். படுக்கை விரிப்பு மாற்றி, கூட்டித் துடைத்து, பன்னிரண்டுக்குள் ஜெயராணி வேலையை முடித்துவிடுவாள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அந்த வீதியின் மகாராணி அவள்தான். கதிரையில் சாய்ந்து, விருந்தினர் விட்டுப்போன பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றபடி, கீழே போகிறவர்களின் தலை வகிடுகளை ஆராய்ச்சி செய்வாள்.

இதற்குத்தான் உலை வைத்தான் ஷாமில்.

ஷாமில் றலியாவின் மகன். எட்டு வருடம் டோஹாவில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு இப்போது கொழும்பில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வாசல் சுவரில் உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தினான்.

"ஜெயராணி அக்கா, இனி சாவி குடுக்க நீங்க வந்து காத்துக்கிட்டு நிக்கத் தேவல்ல. நம்பர் அடிச்சா பெட்டி தொறக்கும்."

"நான் எங்க தம்பி நின்னேன். உட்கார்ந்துதானே இருந்தேன்."

"அதத்தான் நானும் செல்றன். போன மாசம் வந்த வெள்ளக்காரி என்ன எழுதினா தெரியுமா? வாவிக்குப் போற வழி கேட்டதுக்கு, நீங்க உங்கட தங்கச்சிட கலியாணக் கதையச் சொன்னீங்களாம்."

"அந்தக் கலியாணம் நடந்ததே வாவிக்குப் போற வழியிலதாங்க."

ஷாமில் சிரிக்கவில்லை. சாவிக்குப் பெட்டி, துப்புரவுக்குக் கொழும்புக் கம்பெனி என்று அவன் ஏற்கெனவே தீர்மானித்திருந்தான். அலவத்துகொடையிலிருந்து தொலைபேசியில் றலியாதான் குறுக்கே விழுந்தாள்.

"அவவ அப்படி டக்குண்டு நிப்பாட்டாத மகன். ஊரச் சுத்திப் பாக்குற வழிய அவவுக்கிட்டக் கேட்டு எழுது. அடுத்தது வாறவர் அதப் பாத்து நடந்துட்டு, நல்லம்ண்டு செல்லிட்டா அவ ஈக்கட்டும். செல்லாட்டி உன்ட கம்பெனியக் கூப்பிடு."

அப்படியாக ஜெயராணிக்கு நாற்பத்தெட்டு வயதில் பரீட்சை வந்தது. அவள் சொல்லச் சொல்ல ஷாமில் போனில் தட்டினான். வீடு சேவல் பேக்கரிக்கு எதிரே. பேக்கரியில் பசியாறிவிட்டு வலக்கைப் பக்கம் நடக்கவும். மாமரத்தடியில் இடப்பக்கம் திரும்பி மேட்டில் ஏறினால் கட்டை மாஸ்டரின் தையற்கடை; பழைய மரப் பல்கனி வீடுகள் அங்கிருந்து ஆரம்பம். அவன் வாசித்துக் காட்டியபோது ஜெயராணிக்கே பெருமையாக இருந்தது. அச்சில் வந்த மாதிரி இருக்குதே என்றாள்.

வியாழக்கிழமை விருந்தினர் வந்தார். இராமகிருஷ்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயது, தனி ஆள். கனடாவிலிருக்கும் மகள் பதிவு செய்து கொடுத்திருந்தாள். அவர் போகும் வரை அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று ஷாமில் உத்தரவிட்டிருந்ததால், ஜெயராணி எதிர்ப் பக்கத்துக்குப் போனாள். எதிரே பஹீமின் போன் கவர் கடை. அங்கே முக்காலியில் உட்கார்ந்து, அவர் பெட்டியைத் திறந்து சாவி எடுத்து மாடியேறுவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"பெட்டி தொறந்துட்டுது. நாசமாப் போக."

"வழி எழுதினீங்களே, அதக் காட்டுங்க பாப்பம்" என்றான் பஹீம். ஷாமில் அவளுக்கும் அனுப்பியிருந்தான். பஹீம் வாசித்தான். மறுபடி வாசித்தான். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தான்.

"அக்கா, சேவல் பேக்கரி எங்க ஈக்கி?"

"என்னடா கேள்வி. இதுதான்."

"இது என்ட கடை. பேக்கரிய மூடி இருபது வருஷம்."

ஜெயராணி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த சார்ஜர்களைப் பார்த்தாள்.

"மாமரத்த வெட்டிட்டு அந்த இடத்துல ஏடிஎம் வச்சீக்கிறாங்க. கட்டை மாஸ்டர் மவுத்தாகி எத்தின வருஷம்?"

"அப்படித்தானேடா எல்லாரும் சொல்றோம். நேத்துகூட நீ ஆட்டோக்காரருக்குச் சேவல் பேக்கரின்னுதானே சொன்ன?"

"அவர் ஊர்க்காரர் அக்கா. அவருக்குத் தெரியும்."

கண்டி நகரத்தில் யாரும் இருக்கிற கடையைச் சொல்லி வழி காட்டுவதில்லை. இருக்கிற கடை நாளைக்கு இருக்குமோ தெரியாது. இல்லாமல் போன கடை ஒருபோதும் இடம் மாறாது. இந்த நியாயம் ஷாமிலிடம் செல்லுபடியாகாது என்பதும், வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் அவன் சொல்வான் என்பதும் ஜெயராணிக்கு விளங்கியது. எதிர்ப் பல்கனியில் அவளுடைய கதிரை காலியாகக் கிடந்தது. ஐந்து நிமிடத்தில் அதில் இராமகிருஷ்ணன் வந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, போனைக் கையில் எடுத்தார். வழியை வாசிக்கிறார்.

"பஹீம், இன்னிக்கி ஒருநாள் நீ பேக்கரிக்காரன்."

"ஏலாது அக்கா."

"உன் மகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடம் புடிச்சிக் குடுத்தது யாரு?"

பஹீம் பெருமூச்சு விட்டான். நல்ல வேளையாக அந்நேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு, பேக்கரிச் சாமான் விற்கும் பாண் ஆட்டோ வீதிக்குள் நுழைந்தது. சீனி தூவிய பணிஸ் பத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் சார்ஜர்களை ஒதுக்கிவிட்டு அடுக்கினார்கள்.

ஜெயராணி அதற்குள் ஓடிவிட்டாள். அவர் ஏடிஎம் பக்கம் வந்தால் மாமரத்துக்கு என்ன செய்வது? சந்தையடியில் மாங்காய் அச்சாறு விற்கும் மக்கீனின் தள்ளுவண்டியை அவனோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்து, ஏடிஎம் வாசலுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினாள்.

"மரம் எங்கண்டு கேட்டா என்ன செல்ல?"

"கேட்டா மாங்கா குடுங்க நானா. வாயில மாங்கா இருந்தா எவன் கேள்வி கேப்பான்?"

தையற்கடைதான் கஷ்டம். மாஸ்டர் செத்ததிலிருந்து இறக்கியே கிடக்கும் இரும்புக் கதவு, நடிக்க ஆளில்லை. ஜெயராணி பக்கத்து வீட்டில் அளவு நாடா ஒன்றை இரவல் வாங்கிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, தன் பைக்குள் இருந்த கிழிந்த சட்டையை மடியில் விரித்து, கடைப் படியில் உட்கார்ந்தாள். மேடு ஏறி ஓடியதில் மூச்சு வாங்கியது. ஆனாலும் உட்கார்ந்துதான் இருந்தாள்.

அரை மணி நேரத்தில் இராமகிருஷ்ணன் மேட்டில் தெரிந்தார். ஒரு கையில் பாதி தின்ற பணிஸ், மறு கையில் கடதாசியில் சுற்றிய மாங்காய்ச் சரை, சட்டைப் பையில் ஒரு புதுப் போன் கவர். அத்தனையையும் சமாளித்துக்கொண்டு படி அருகில் நின்றார்.

"கட்டை மாஸ்டரின்ரை கடை இதுதானோ?"

"ஆமாங்க ஐயா, வாங்க."

"மாஸ்டர் இல்லையோ?"

"சாப்பிடப் போயிருக்காருங்க."

"நீங்கள்?"

ஜெயராணி ஒரு நொடிதான் யோசித்தாள். "அவரு சம்சாரம்."

இராமகிருஷ்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்பிடியோ" என்றார். பிறகு சட்டையைப் பார்த்தார். "நல்ல தையல். எத்தினை மணிக்கு வருவார்?"

"சாப்பிட்டா ஒரு தூக்கம் போடுவாருங்க. நீங்க பல்கனி வீடெல்லாம் பாத்துக்கிட்டு அப்பிடியே எறங்கிப் போங்க."

அவர் போனார். நீல வர்ணம் உரிந்த பல்கனிகளுக்குக் கீழே நின்று நின்று, ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். ஜெயராணி நாடாவைக் கழற்றி வியர்வை துடைத்தாள். எல்லாம் சரியாக நடந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் பஹீம் தொலைபேசியில் அழாத குறை.

"அக்கா, அந்த மனுசன் இன்டைக்கும் வந்திட்டார். பாண் சுடுற போறணையப் பாக்கணுமாம்."

"என்ன சொன்ன?"

"போறணை ரிப்பேர்ண்டன். அப்ப பணிஸ் எப்படி சூடா ஈக்கிண்டு கேட்டார். அதோட இன்னொரு போன் கவரும் வாங்கினார். அவருட போனுக்கு அது சேராது."

சனிக்கிழமை காலை, முடிவு கேட்க ஷாமில் கொழும்பிலிருந்து வந்தான். துப்புரவுக்கு ஜெயராணியும் வரவேண்டியிருந்தது. இருவரும் ஒன்றாகவே மாடியேறினார்கள். பிரம்புக் கதிரையில் பயணப் பையோடு தயாராக இருந்த இராமகிருஷ்ணன், அவளைக் கண்டதும் எழுந்தார்.

"எட, மாஸ்டரின்ரை சம்சாரம்."

"யாருட சம்சாரம்?" என்றான் ஷாமில்.

ஜெயராணி விளக்குமாற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். சரியாக அந்நேரம் ஷாமிலின் போன் அடித்தது. அவன் அறைக்குள் போய் யாருடனோ சிங்களத்தில் வாதாடத் தொடங்கினான். இராமகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நான் எழுபத்தொன்பதிலை இஞ்சை நில அளவைக் கந்தோரிலை வேலை செய்தனான். கலியாணத்துக்குச் சேட் தைச்சது உம்மடை அவரிட்டைத்தான். அண்டைக்கே ஆளுக்கு ஐம்பது வயது. நீர் அப்ப ரெண்டு வயதுப் பிள்ளையா இருந்திருப்பீர்."

ஜெயராணிக்குத் தரையைத் தவிர எங்கேயும் பார்க்க முடியவில்லை.

"சேவல் பேக்கரியிலை ஒருநாளும் பணிஸ் போட்டதில்லை. பாண் மட்டும்தான். அதுவும் கல்லு மாதிரி இருக்கும்."

"அப்பறம் ஏங்க ஐயா ரெண்டாம் நாளும் போய் அந்தப் பஹீமைப் படுத்துனீங்க?"

"அவர் முழுசின முழுசல் நல்லா இருந்தது" என்றார் இராமகிருஷ்ணன். "ஏன் பிள்ளை இவ்வளவு கூத்து?"

அவள் கதிரையைக் காட்டினாள். புடவைக்கடை, பெட்டி, கம்பெனி என்று மூன்று வாக்கியத்தில் முடித்தாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

ஷாமில் திரும்பி வந்தான். "சொறி சேர். வழிக் குறிப்பு எப்படி? தொல்லை ஒண்டும் இல்லையே?"

இராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துடைத்து, மறுபடி போட்டார். ஜெயராணிக்கு அது ஒரு பஸ் பயணம் அளவுக்கு நீண்டது.

"நான் நாற்பது வருஷம் வரைபடம் கீறின ஆள் தம்பி. இப்பிடித் துல்லியமா எழுதின குறிப்பை நான் காணேல்லை. சொன்ன இடத்திலை சொன்னது எல்லாம் இருந்தது. பணிஸ் திறம்."

"பணிஸா?"

"ஆனா ஒரு குறை." அவர் விரலை உயர்த்தினார். "பல்கனியிலை ஒரு கதிரைதான் கிடக்கு. வாறவைக்கு ஊர்க் கதை சொல்ல இவ எங்கை இருக்கிறது? ரெண்டு வேணும்."

அதையே அன்று பின்னேரம் எழுத்திலும் போட்டுவிட்டார், ஐந்து நட்சத்திரத்தோடு. ஷாமில் கொழும்பு போகுமுன் இரண்டாவது பிரம்புக் கதிரையை வாங்கி வைத்தான். வாசலில் நின்று எதிர்க்கடையை வெகுநேரம் உற்றுப் பார்த்ததாகவும், பஹீம் குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடிக்கொண்டே இருந்ததாகவும் கேள்வி.

இப்போது வருகிறவர்கள் எல்லாரும் அதை வாசித்துவிட்டுப் பணிஸ் கேட்கிறார்கள். பஹீம் தினமும் பாண் ஆட்டோவை மறித்து இருபது வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவிட்டு, ஜெயராணியைத் திட்டுகிறான். மக்கீனின் வண்டி ஏடிஎம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அங்கே வியாபாரம் நன்றாக இருக்கிறதாம்.

பெட்டி இன்னும் சுவரில் இருக்கிறது. நம்பரை அடித்தால் திறக்கும். உள்ளே ஒரு துண்டுக் கடதாசி மட்டும் இருக்கும்: சாவி ஜெயராணியிடம். தலையைத் தூக்கிப் பல்கனியைப் பார்க்கவும்.